‘உன் விருப்பம்’ என்பது பதிலாகாது

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு சகோதரி, கனடாவின் பிராம்ப்டன் நகரிலிருந்து எழுதிய கடிதத்தின் சுருக்கமும் அதற்கான பதிலும்.)

“திருநெல்வேலியில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, சென்னையில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 6 ஆண்டுகள் வேலை பார்த்தேன். 2019-இல் கணவருடன் இங்கே வந்தேன். செவிலியர் பதிவு கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்று ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்புப் பணியாளராகச் சேர்ந்தேன். பதிவுக்கு வேண்டிய மற்ற எல்லாம் முடிந்து, என்கிளெக்ஸ் என்ற செவிலியர் உரிமத் தேர்வு மட்டும் பாக்கி. இரண்டாவது குழந்தை வயிற்றில் இருந்தபோது எழுதித் தோற்றுவிட்டேன். மகளுக்கு 4 வயது, மகனுக்கு 8 மாதம். சூப்பர் விசாவில் (இங்கே குடியிருப்பவர்களின் பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான விசா) வந்திருக்கும் என் அத்தை, அதாவது கணவரின் அம்மா, 2 மாதத்தில் ஊருக்குத் திரும்புகிறார்; மாமா அங்கே தனியாக இருக்கிறார். மகனைத் தன்னோடு கொண்டுபோய் இரண்டரை வயதுவரை வளர்த்துத் தருவதாகவும், அதற்குள் நான் படித்து வேலையில் அமர்ந்துவிடலாம் என்றும், பிள்ளைக்குத் தமிழும் நன்றாக வரும் என்றும் சொல்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். கணவரிடம் கேட்டால் ‘உன் விருப்பம்’ என்கிறார். என் அம்மாவோ ‘வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும், பிள்ளை வளர்கிற பருவம் திரும்ப வருமா’ என்கிறார்.

போன வருடம் இல்லத்தில் ஒரு பெரியவருக்கு வாய் ஒரு பக்கம் கோணியது. பார்த்தவுடனே பக்கவாதம் என்று தெரிந்துவிட்டது. நான் எதுவும் செய்யக் கூடாது என்பதால் நர்ஸைக் கூப்பிட ஓடினேன். ‘அந்த நர்ஸ் நான்தானே’ என்று அன்று இரவு முழுவதும் தூங்கவில்லை. இப்போதும், குழந்தை தூங்கினால்கூட எனக்குத் தூக்கம் வருவதில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறேன். நல்ல தாயாக இருப்பதா, நல்ல நர்ஸாக இருப்பதா? மகனை அனுப்பலாமா?”

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தையை அனுப்பலாமா என்பதுதான் உங்கள் கேள்வி. ஆனால் கடிதத்தின் முடிவில், போகிற போக்கில் சொன்னதுபோல் நீங்கள் எழுதியிருக்கும் இரண்டு வரிகளிலிருந்துதான் நான் தொடங்க வேண்டியிருக்கிறது. குழந்தை தூங்கும் நேரத்திலும் கண் மூட முடியாமல் கிடப்பதும், குழாய்ச் சத்தத்தில் அழுகையை மறைப்பதும் வெறும் களைப்பா, பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வா என்பதை ஒரு கடிதத்தை வைத்து முடிவுசெய்ய எனக்கு உரிமையில்லை. நீங்கள் ஒரு செவிலியர். வேறொரு தாய் வந்து இதையே சொன்னால் அவளுக்கு என்ன செய்வீர்களோ, அதை உங்களுக்கும் செய்துகொள்ளுங்கள். ஜான் காக்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1987-இல் வெளியிட்ட எடின்பரோ மனச்சோர்வு அளவுகோலை நீங்கள் அறிந்திருப்பீர்கள். கடந்த 7 நாட்களில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும் 10 கேள்விகள்தான் அதில் உள்ளன. தமிழ்நாட்டில் ஆராய்ந்து சரிபார்க்கப்பட்ட தமிழ் வடிவமும் 2005 முதல் இருக்கிறது. மனத்தில் உள்ளதை ஆங்கிலத்துக்கு மாற்றித்தான் சொல்ல வேண்டும் என்ற சிரமம் இல்லை. அதை எடுத்துக்கொண்டு இந்த வாரமே குடும்ப மருத்துவரைப் பாருங்கள். பிரசவம் ஆகி 8 மாதமாகிவிட்டதே, இனி எங்கே என்று தயங்காதீர்கள். முதல் ஆண்டு முழுவதுமே இது தலைகாட்டலாம். பத்தாவது கேள்வி தன்னையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறெந்தப் பதில் உங்கள் மனத்தில் எழுந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-ஐ அழையுங்கள். கனடா முழுவதும் பகலும் இரவும் அந்த எண்ணில் ஆள் இருக்கிறார்கள்.

இதை முதலில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பல மாதங்களாகத் தூங்காத மனம் எந்தக் கணக்கைப் போட்டாலும் விடையில் தன்னைத்தான் குற்றவாளியாகக் காணும். அப்படிப்பட்ட மனத்தோடு, 20 மாதங்களை விலையாகக் கேட்கும் ஒரு முடிவை எடுக்க வேண்டாம்.

இனி மகனைப் பற்றி. எங்கள் சமூகப் பணித் தொழிலில் ‘இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள்’ என்று பொதுவாகச் சொல்வதில்லை. வந்தவரே தம் முடிவைக் கண்டடையத் துணை நிற்பதுதான் முறை. ஆனால் நீங்கள் நேராகக் கேட்டிருக்கிறீர்கள், அதனால் நானும் நேராகவே சொல்கிறேன்: அனுப்பாதீர்கள்.

நான் அனுப்பியவள். 1996-இல் திருச்சியிலிருந்து டொராண்டோவுக்கு வந்தேன். மகன் 1998-இல் பிறந்தான். பகலில் ஒரு பேக்கரியில் வேலை, மாலையில் சமூகப் பணிப் படிப்பு. வேலைக் காப்பீட்டுக்கு (சம்பளத்தில் பிடிக்கும் தொகையிலிருந்து பேறுகாலத்திலும் பணம் தரும் அரசுத் திட்டம்) தேவையான மணிநேரம் என் கணக்கில் சேரவில்லை என்பதால் பேறுகாலப் பணம் ஒரு டாலர்கூட வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நாளில் பேறுகாலத்துக்கு 15 வாரம், பெற்றோர் விடுப்புக்கு 10 வாரம், அவ்வளவுதான். 11 மாதக் குழந்தையைத் திருச்சியில் என் அம்மாவிடம் விட்டுவிட்டுத் திரும்பினேன். 14 மாதம் கழித்துத்தான் மறுபடி அந்த வாசற்படியில் போய் நின்றேன். பிறந்த வீட்டில் நான் கடைக்குட்டி. எல்லோரும் என்னைப் ‘பாப்பா’ என்றுதான் கூப்பிடுவார்கள். என் மகன் பாட்டியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து, ‘அம்மா, பாப்பா வந்துருச்சு’ என்றான். அவன் அம்மா என்று கூப்பிட்டது என் அம்மாவை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன்.

டொராண்டோவுக்குக் கூட்டிவந்த பிறகு, விளக்கு வைக்கும் நேரம் வந்தால் தன் செருப்பை எடுத்து வந்து கதவருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ‘வீட்டுக்குப் போலாம்’ என்று ஒரு தடவை சொல்வான். அழ மாட்டான், காத்திருப்பான். இது ஏறக்குறைய 3 மாதம் நடந்தது. அதே நாட்களில் திருச்சியில் என் அம்மா, அவன் பருப்புச் சாதம் சாப்பிட்ட எவர்சில்வர் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவைத்து, அதை வேறு யார் எடுத்தாலும் சண்டைக்குப் போனார் என்று அண்ணி பல ஆண்டுகள் கழித்துச் சொன்னார்.

அவனுக்கு இப்போது 27 வயது. நலமாக இருக்கிறான், என்னோடு நன்றாகப் பேசுகிறான், என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறான். ஆகவே, பிள்ளை பாழாகிவிடும் என்று உங்களை மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. வேறு வழியே இல்லாமல் அனுப்பிய எத்தனையோ தாய்மாருடன் நான் இந்த நாட்டில் உட்கார்ந்து பேசியிருக்கிறேன், அவர்களில் ஒருவரையும் என்னால் குறை சொல்ல முடியாது. ஆனால் அனுப்பும்போது நாம் ஒரு பிரிவைத்தான் கணக்கில் எடுத்துக்கொள்கிறோம்; நடப்பதோ இரண்டு பிரிவு. முதலில் உங்களை விட்டுப் போகிறான். அந்தப் புண் ஆறி, உங்கள் அத்தையே அவனுக்குத் தாயாகிவிட்ட பிறகு, அவரையும் விட்டுப் பிரிந்து வருகிறான். இரண்டாவது பிரிவில் உடைவது அவன் மட்டும் அல்ல, உங்கள் அத்தையும்தான். அவரைச் சமாதானப்படுத்த அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

1951-இல் உலக சுகாதார நிறுவனத்துக்காக மனநல மருத்துவர் ஜான் பௌல்பி எழுதிய அறிக்கை, சிறு வயதில் நேரும் நீண்ட பிரிவைப் பற்றி மருத்துவ உலகை யோசிக்க வைத்தது. அவருடன் பணியாற்றிய ஜேம்ஸ் ராபர்ட்சன், தாயைப் பிரிந்து மருத்துவமனையில் கிடந்த குழந்தைகள் முதலில் கதறி எதிர்ப்பதையும், பிறகு சோர்ந்து ஒடுங்குவதையும், கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல் விலகிவிடுவதையும் கூர்ந்து பார்த்துப் பதிவு செய்தார். அந்த மூன்றாம் நிலையைத்தான் நம் வீடுகளில் ‘பிள்ளை பழகிவிட்டான், இப்போது அழுவதே இல்லை’ என்று தொலைபேசியில் நிம்மதியாகச் சொல்வார்கள். என் வீட்டுக் கதவருகே செருப்போடு உட்கார்ந்திருந்த பிள்ளையும் அழவில்லை என்பதை மறுபடியும் நினைவுபடுத்த விரும்புகிறேன்.

ஆனால் பௌல்பியோடு நின்றுவிட்டால் பழி முழுவதும் தாயின் தலையில் விழுந்துவிடும். 1964-இல் ருடால்ஃப் ஷாஃபரும் பெக்கி எமர்சனும் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வு, 18 மாதமாவதற்குள் பெரும்பாலான குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டவரிடம் ஒட்டுதல் கொண்டுவிடுகின்றன என்று காட்டியது. தந்தை, பாட்டி, அண்டை வீட்டார் என்று அந்த வட்டம் விரிகிறது. உங்கள் மகனுக்கு நீங்கள் 24 மணி நேரமும் வேண்டும் என்பதில்லை. மாலையில் திரும்பி வருகிற ஒரு தாய், காலையில் குளிப்பாட்டுகிற ஒரு தந்தை, பகலில் தூக்கிவைத்துக்கொள்ள ஒரு தெரிந்த முகம் என்பது அவனுக்குப் போதுமானது. பகலில் பிரிந்து மாலையில் சேர்வதும், 20 மாதம் கடலுக்கு அப்பால் இருப்பதும் ஒன்றல்ல. ‘குழந்தையை டே கேரில் விடுபவள், ஊருக்கு அனுப்பினால் என்ன’ என்று யாராவது கேட்டால், இதுதான் அதற்குப் பதில்.

தமிழைப் பற்றிய கவலைக்காக அனுப்ப வேண்டியதில்லை. இரண்டரை வயதில் கற்ற தமிழ், இங்கே பள்ளிக்குப் போன 6 மாதத்தில் ஒதுங்கிக்கொள்வதை நான் என் வீட்டிலேயே பார்த்தேன். வீட்டில் தினமும் பேசப்படும் தமிழ்தான் நிற்கும்; நீங்களும் கணவரும் உங்களுக்குள் தமிழில் பேசுவதை நிறுத்தாமல் இருந்தால் அதுவே பெரிய அடித்தளம். அரசு தரும் குழந்தை நலத்தொகை குழந்தை உங்களோடு வாழ்ந்தால்தான் உண்டு என்பதையும், அவனை ஊருக்கு அனுப்பினால் அது நின்றுவிடும் என்பதையும் வீட்டுக் கணக்குப் போடும்போது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தையிடம் எப்படிச் சொல்வது என்று தயங்குவீர்கள். அவர் கொடுக்க முன்வந்திருப்பது சிறிய கொடை அல்ல. அறுபது வயதுக்கு மேல் ஒரு கைக்குழந்தையோடு இரவெல்லாம் விழிக்கத் தயாராக இருக்கிறார். அதை மறுக்கும்போது அவருடைய வளர்ப்பை மறுப்பதுபோல் அவர் காதில் விழுந்துவிடக் கூடாது. ‘அத்தை, நீங்கள் வளர்த்தால் நன்றாகத்தான் வளர்ப்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை, என்னால்தான் அவனைப் பிரிந்து படிக்க முடியாது’ என்று உங்கள் இயலாமையாகவே சொல்லுங்கள், அது உண்மையும்கூட. முடிந்தால், மகனைக் கொண்டுபோவதற்குப் பதில் இன்னும் 2 மாதம் கூடுதலாக இருக்க முடியுமா என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். சூப்பர் விசாவில் 2022 ஜூலைக்குப் பிறகு வந்தவர்கள் ஒருமுறை நுழைந்தால் 5 ஆண்டுகள்வரை தங்கலாம். அவருடைய மருத்துவக் காப்பீடு எதுவரை செல்லும் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர் முடியாது என்றால் அதோடு விட்டுவிடுங்கள். திருநெல்வேலியில் மாமா தனியாகச் சாப்பிடுகிறார் என்ற நினைப்போடுதான் அவர் உங்கள் வீட்டில் அடுப்புப் பற்றவைக்கிறார். அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது.

இப்போது, உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் உறுத்திய இரண்டு சொற்களுக்கு வருகிறேன். ‘உன் விருப்பம்’ என்கிறார் உங்கள் கணவர். அவர் கெட்ட எண்ணத்தோடு அப்படிச் சொல்லவில்லை என்று நம்புகிறேன். மனைவியைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற மரியாதையில்கூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பதிலின் விளைவைப் பாருங்கள். மகனை அனுப்பினால் அனுப்பியவள் நீங்கள். அனுப்பாமல் தேர்வில் தோற்றால் தோற்றவளும் நீங்கள். எந்தப் பக்கம் போனாலும் பொறுப்பு உங்கள் பெயரில் எழுதப்பட்டுவிடுகிறது, அவர் சாட்சியாக நிற்கிறார். ‘நல்ல தாயா, நல்ல நர்ஸா’ என்ற உங்கள் கேள்வியே அந்த இரண்டு சொற்களிலிருந்து பிறந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்கள் கடிதம் முழுவதிலும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளக்கூடியவர்களாக நீங்கள், அத்தை என்று இருவர்தான் வருகிறீர்கள். மூன்றாவது ஒருவர் அதே வீட்டில் இருக்கிறார், அவனுடைய அப்பா. அவரை நீங்கள் மறந்துவிடவில்லை; அவரைக் கேட்கலாம் என்ற எண்ணமே எழாதபடி நாம் எல்லோரும் வளர்க்கப்பட்டிருக்கிறோம்.

அவரிடம் கேட்க உங்களுக்கு ஒரு துல்லியமான விஷயம் இருக்கிறது, அதற்கு நாள் குறைவு என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன். வேலைக் காப்பீட்டின் வழக்கமான திட்டத்தில் பெற்றோர் பணம் மொத்தம் 40 வாரம். ஆனால் ஒருவர் 35 வாரத்துக்கு மேல் எடுக்க முடியாது. மீதி 5 வாரம் மற்றவருக்கென்றே 2019 மார்ச் முதல் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவர் எடுக்காவிட்டால் அது உங்களுக்கும் வராது, வீணாகப் போகும். முந்தைய 52 வாரங்களில் 600 மணிநேரம் வேலை செய்திருந்தால் அவருக்குத் தகுதி உண்டு. சம்பளத்தில் 55 சதவீதம், ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டுக் கிடைக்கும். நீங்கள் இருவரும் ஒரே வாரங்களிலும் அதைப் பெறலாம். நிபந்தனை ஒன்றே: குழந்தை பிறந்து 52 வாரங்களுக்குள் எடுத்து முடிக்க வேண்டும். வழக்கமான திட்டத்துக்குப் பதில் நீங்கள் நீட்டித்த திட்டத்தைத் தேர்ந்திருந்தால், விகிதம் 33 சதவீதம், அவருக்கான ஒதுக்கீடு 8 வாரம், காலக்கெடு 78 வாரம். இருவரும் ஒரே திட்டத்தில்தான் இருக்க முடியும் என்பதால், உங்கள் விண்ணப்பத்தில் எதைக் குறித்தீர்கள் என்று முதலில் பாருங்கள்.

‘ஆண் பிள்ளை விடுப்பு எடுத்தால் அலுவலகத்தில் என்ன நினைப்பார்கள்’ என்று அவர் கேட்கக்கூடும். கியூபெக் மாகாணத்தில் 2006 முதலே தந்தைக்கென்று 5 வாரம் தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கே பெரும்பாலான தந்தையர் அதை எடுக்கிறார்கள். இங்கே ஒன்டாரியோவிலும், 13 வாரம் வேலையில் இருந்த எவரும் பெற்றோர் விடுப்பு எடுத்ததற்காக வேலையிலிருந்து நீக்கப்படக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அவர் கேட்கப்போவது சலுகை இல்லை, தன் சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டிய காப்பீடு.

அந்த 5 வாரத்தை அவர் எப்படிக் கழிக்கிறார் என்பதும் முக்கியம். நீங்கள் அதே வீட்டில், பக்கத்து அறையில், கதவைச் சாத்திக்கொண்டு படித்தால், குழந்தை சிணுங்கிய ஒவ்வொரு முறையும் ‘இவன் பால் குடித்து எவ்வளவு நேரமாச்சு’ என்று கேட்டு வருவார். நீங்களும் எழுந்து போவீர்கள். காலை உணவு முடிந்ததும் பையைத் தூக்கிக்கொண்டு பொது நூலகத்துக்குப் போய்விடுங்கள். தாய்ப்பால் கொடுப்பவராக இருந்தால் பம்பில் எடுத்துவைத்துவிட்டுப் போங்கள். முதல் வாரம் அவருக்குத் திணறும், மகன் இரண்டு நாள் ஊரைக் கூட்டி அழுவான், வீடு தலைகீழாகக் கிடக்கும். நீங்கள் திரும்பி வந்து அதைச் சரிசெய்யாதீர்கள். இது மற்ற எல்லாவற்றையும்விடக் கடினம் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது வாரத்தில் தந்தைக்கும் மகனுக்கும் தங்களுக்கென்று ஒரு முறை பிடிபட்டுவிடும். இப்படி ஒரு முறை பிடிபட்டுப் பழகிய தந்தை, அதன்பின் எந்த முடிவிலும் ‘உன் விருப்பம்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பதை நான் அரிதாகவே பார்த்திருக்கிறேன்.

இந்த 5 வாரத்தின் முடிவில் தேர்வுத் தேதி வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன், அத்தை ஊருக்குப் போவதற்குள், தினமும் ஒன்றரை மணி நேரம் போதும், பழைய பாடத்தைத் தூசி தட்டுங்கள். என்கிளெக்ஸ் 85 முதல் 150 கேள்விகள்வரை போகும், 5 மணி நேரம் உட்கார வேண்டிய தேர்வு. அறிவைவிட உறக்கமும் நிதானமும் அங்கே கைகொடுக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வயிற்றில் பிள்ளையோடு எழுதித் தோற்றதை உங்கள் திறமையின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒருவேளை இம்முறையும் தவறினால், 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். பதிவுக்காக நீங்கள் முடித்திருக்கும் தகுதிகளில் எதற்காவது காலக்கெடு இருக்கிறதா, இருந்தால் எந்தத் தேதி என்று செவிலியர் ஒழுங்குமுறைக் கழகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பின் இருப்பது மகனுக்கு 12 மாதம் முதல் 18 மாதம்வரையான இடைவெளி. ஒன்டாரியோவில் 18 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, 10 பேருக்கு 3 ஊழியர்கள் இருக்க வேண்டும் என்பது விதி. 18 மாதம் தாண்டினால் 5 பேருக்கு ஒருவர் போதும். அதனால்தான் கைக்குழந்தைகளுக்கு இடம் கிடைப்பது குதிரைக் கொம்பாக இருக்கிறது, 18 மாதத்தில் கதவு சற்றுத் திறக்கிறது. காத்திருப்புப் பட்டியல்களில் இன்றே பெயரைப் பதிந்துவிடுங்கள். அரசின் திட்டத்தில் சேர்ந்திருக்கும் மையங்களில் 2025 ஜனவரி முதல் 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான கட்டணம் நாளொன்றுக்கு 22 டாலருக்கு மேல் போகக் கூடாது. வருமானத்தைப் பொறுத்து அதிலும் உதவித்தொகை கேட்கலாம். காப்பீட்டுப் பணம் ஓராண்டில் நின்றாலும், பேறுகாலத்துக்கு 17 வாரமும் அதைத் தொடர்ந்து பெற்றோர் விடுப்பாக 61 வாரமும் உங்கள் வேலை உங்களுக்காகக் காக்கப்பட வேண்டும் என்பது சட்டம். கூட்டிப் பாருங்கள், 78 வாரம், அதாவது ஏறத்தாழ அதே 18 மாதம். முன்னதாகத் திரும்புவதாகத் தேதி கொடுத்திருந்தால், அந்தத் தேதிக்குக் குறைந்தது 4 வாரம் முன்னால் எழுத்தில் தெரிவித்துத் தள்ளிவைக்கலாம். ஆக, அத்தை 20 மாதம் என்று சொன்னது உண்மையில் இந்த 6 மாத இடைவெளிதான். ஒரு சம்பளத்தில் 6 மாதம் என்பது எளிதல்ல. வாடகையும் கார் தவணையும் எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அது இரண்டு பேர் உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்க்கக்கூடிய அளவுள்ள கஷ்டம்.

உங்கள் அம்மா சொன்னதற்கு ஒரு வார்த்தை. வேலை எப்போது வேண்டுமானாலும் கிடைக்கும் என்பது செவிலியர் பணிக்குப் பொருந்தாது. கை மறந்துபோகும், விதிகள் மாறும், தைரியம் கரையும். 2019-இல் விட்டுவந்த தீவிர சிகிச்சைப் பிரிவை இன்னும் 5 ஆண்டு தள்ளிப்போட்டால், திரும்பிப் போகும் பாதை நீண்டுகொண்டே போகும். அந்தப் பெரியவரின் வாய் கோணியதைக் கண்டவுடன் உங்களுக்குள் எழுந்த பதற்றம், தாய்மைக்கு எதிரான ஆசை அல்ல. கண்ணெதிரே ஒருவர் துடிக்கும்போது செய்ய வேண்டியதைச் செய்யத் தெரிந்த ஒரு கை, செய்யக் கூடாது என்று கட்டப்பட்டிருந்த வேதனை அது. அதை நீங்கள் வெட்கப்பட்டு மறைப்பதுபோல் எழுதியிருந்தீர்கள். மறைக்க வேண்டாம். கணவரிடம் அந்த இரவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்றால், விடுப்புப் பேச்சைத் தொடங்கும் முன் அதைச் சொல்லுங்கள். வாரங்களையும் சதவீதங்களையும் பிறகு பேசலாம்.

கடைசியாக, நாள் கணக்கு. நீங்கள் எழுதியபோது மகனுக்கு 8 மாதம். கடிதம் என்னிடம் வந்து 3 வாரம் ஆகிறது. வழக்கமான திட்டமாக இருந்தால், கணவரின் 5 வாரம் அவனுடைய முதல் பிறந்தநாளுக்குள் முடிய வேண்டும் என்பதால், அது தொடங்க இன்னும் 9 வாரம் போல்தான் மிச்சமிருக்கிறது. விடுப்பு தொடங்குவதற்குக் குறைந்தது 2 வாரம் முன்னால் நிறுவனத்துக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை மகன் மதியம் தூங்கும் நேரத்தில், அத்தையையும் உடன் வைத்துக்கொண்டு இதைப் பேசுங்கள். அந்த அறிவிப்புக் கடிதத்தை நீங்கள் எழுதித் தர வேண்டாம்; அவரே எழுதட்டும்.

அன்புடன்,
உங்கள் அக்கா